பின்கதவில் ஒரு தட்டு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் வேறு வேலையைப் பார்க்கிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும். சித்தி மகள் புது வீட்டில் மச்சின் மேலே யாரோ நடக்கிறார்கள் என்று போதகரை வரவழைத்து ஜெபம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஏணி வைத்து ஏறி மரநாய்க் குட்டிகளை எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தவள் நான்தான். அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆகவே, இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பார்ப்பேன். சொல்லி முடிக்கிறவரை குறுக்கே மட்டும் பேசாதீர்கள்.

என் பெயர் ரோஸ்லெட். அருமனைப் பக்கம் வீடு, தொழில் தேனீ வளர்ப்பு. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், பெட்டி, தோட்டம், வண்டி எல்லாம் என் பொறுப்பு. ரப்பர் மரம் தை மாதம் இலையை உதிர்த்துவிட்டு மாசியில் புதுத் தளிர் விடும் இல்லையா, அந்தத் தளிரின் காம்பில்தான் தேன் ஊறும், பூவில் இல்லை. அந்த ஒன்றரை மாதம் வைத்துத்தான் எங்கள் வருசமே. தளிர் விரிவதற்குள் பெட்டிகளை மலைத் தோட்டத்தில் கொண்டு இறக்கிவிட வேண்டும். பிந்தினால் அந்த வருசம் போச்சு.

நான் சொல்லப்போகிறது நடந்ததற்கு முந்தின வருசம் எனக்கு அப்படித்தான் போனது. வாடகைக்குப் பிடித்த வண்டி களியலுக்கு மேலே இருக்கிற தோட்டத்து ஏற்றத்தில் பாதி ஏறி, மண்ணில் சக்கரம் சுற்றி, அப்படியே பின்னால் வழுக்கியது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, தேனடைகள் ஒடிந்து, ராணிகள் நசுங்கி, பாதிக்கு மேல் செத்துப் போயின. டிரைவர் என்னைப் பார்த்து, தேனீதானே அக்கா, பிறவும் பிடிக்கலாம் என்றான். அன்று நான் அழுதேன். அழுது முடித்ததும் ஒன்று முடிவு செய்தேன், அடுத்த வருசம் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று என் பெயரில் இருக்கும், அதை நானே ஓட்டுவேன். உரிமம் எடுத்தேன். பழைய வண்டி தேட ஆரம்பித்தேன்.

தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் பக்கம் பழைய ஃபோர் வீல் பிக்கப் கிடைப்பது லேசு இல்லை. மார்த்தாண்டத்தில் பார்த்த ஒன்றுக்கு முன்சக்கரம் இழுக்கவே இல்லை, சும்மா பெயருக்கு ஒரு கம்பி இருந்தது. இன்னொன்றின் அடியில் படுத்துப் பார்த்தால் வெல்டிங் மேல் வெல்டிங். தை பாதி ஆனபோதுதான் கடியப்பட்டணத்தில் ஒன்று இருப்பதாகத் தெரியவந்தது. பெட்டி வைக்க இடம் தருகிற தோட்டத்துக்காரர் வேறு, இந்தத் தடவையும் பிந்தினால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

என்னோடு வந்தது காசி அண்ணன். பதினைந்து வருசமாக என்னோடு பெட்டி தூக்குகிறவர், ஐம்பத்தைந்து வயது, அய்யாவழிக்காரர், நெற்றியில் வெள்ளை நாமம் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். நான் எதை வாங்கப் போனாலும் வேண்டாம் என்பதுதான் அவருடைய முதல் பேச்சு.

"கடப்புறத்து வண்டியைப் போய் ஆராவது வாங்குவாளா பிள்ளே? உப்புத் தண்ணியில கெடந்தது. மேல பெயின்ட் மினுங்கும், உள்ள தகடு அப்பளம் போல உதிரும்."

"பாத்துட்டு வரலாம் அண்ணே. பாக்கியதுக்கு ஒண்ணும் கொடுக்காண்டாமே."

வண்டிக்காரர் பெயர் சேவியர். நாற்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், அதிகம் பேசவில்லை. மற்றவர்கள் டிராக்டர் வைத்து மீன்பிடி வள்ளத்தைக் கரைக்கு இழுப்பார்கள், இவர் வீட்டில் இந்த வண்டியை வைத்து இழுத்திருக்கிறார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்து சுத்தியலால் சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். நம்ப மாட்டீர்கள், துரு கொஞ்சம்கூட இல்லை. தினமும் நல்ல தண்ணீரில் அடியைக் கழுவி எண்ணெய் அடித்திருக்கிறார்கள். முன்சக்கரத்தை மணலில் விட்டுப் பார்த்தேன், நாலும் சேர்ந்து இழுத்தன. ஒரே ஒரு குறை, பின்கதவின் வலது ஓரத்தில் பெயின்ட் போய், தகடு லேசாக உள்ளே குழிந்திருந்தது. ஒரு உள்ளங்கை அளவு.

"இது என்ன, இடிச்சதா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. கை பட்டுப் பட்டு."

"நல்ல வண்டியை எதுக்கு விக்கீங்க?"

"கடல் தொழிலு இனி வேண்டாம்ணு வச்சாச்சு," என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வண்டியைப் பற்றி அத்தனையும் கேட்டவள் அதை விட்டுவிட்டேன்.

அன்னாசி வியாபாரி ஒருவரும் அதே வண்டியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஆனாலும் எங்கள் ஏற்றத்தில் ஏறிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். முன்பணம் கொடுத்தேன். சேவியர் யோசித்துவிட்டு, மூன்று நாள் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் மீதியைக் கொண்டு வாருங்கள் என்று சாவியைத் தந்தார். திங்கள்சந்தை, மார்த்தாண்டம் நெரிசல் எல்லாம் தாண்டி நானே ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்துகொண்டு வீடியோவில் டயரைக் காட்டு, டயரைக் காட்டு என்று கேட்டார். காட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் சோதனை. பெட்டியைப் பகலில் தூக்க முடியாது, மேயப்போன ஈ எல்லாம் அந்தியில் கூடு திரும்பின பிறகுதான் வாசலில் துணி திணித்து அடைக்க வேண்டும். எட்டே எட்டுப் பெட்டி ஏற்றினோம். உள்ளே அடைகள் வண்டி போகிற திசைக்கு நீளவாக்கில் இருக்கும்படி வைத்தோம், குறுக்கே வைத்தால் குலுக்கத்தில் ஆடி ஒடிந்துவிடும். பின்கதவைக் கொக்கி மாட்டிப் பூட்டியது நான். காசி அண்ணன் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் பெட்டிகளைத் தவிர யாரும் இல்லை, இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன்.

தோட்டத்துக்குள் நுழையும்போது ஏழரை மணி இருக்கும். இலையுதிர் காலம் என்பதால் ரப்பர் பால்வெட்டு நிறுத்தியிருந்தார்கள், அந்தப் பாதையில் பத்துப் பதினைந்து நாளாக வண்டி எதுவும் போகவில்லை. மரமெல்லாம் மொட்டை, தரையெல்லாம் கணுக்கால் அளவுக்குச் சருகு, பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. ஏற்றம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி ஃபோர் வீல் போட்டேன். போன வருசம் வழுக்கின இடத்தை வண்டி முனகாமல் ஏறித் தாண்டியது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. காசி அண்ணனே, "கொள்ளாமே பிள்ளே," என்றார். அவர் வாயில் அப்படி ஒரு பாராட்டை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்து ஒரு வளைவு. அதைத் திரும்பும்போது ஒன்றைக் கவனித்தேன். ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஜன்னலுக்குக் கண்ணாடியே வைக்காத வண்டி அது, அதனால் எட்டுப் பெட்டியின் இரைச்சலும் வழி முழுக்கக் காதில் விழுந்துகொண்டே வந்தது. வண்டி குலுங்கக் குலுங்க ஈயின் இரைச்சல் கூடத்தான் செய்யும். அந்த இரைச்சல் நின்றது. எட்டுப் பெட்டியிலும் ஒரே நேரத்தில். இருபது வருசத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. உடனே பின்கதவில் ஒரு தட்டு. உள்ளங்கையை விரித்து ஓங்கி அடிக்கிற தட்டு, ஒன்றே ஒன்று.

நான் பிரேக்கில் ஏறி மிதித்தேன். யோசித்து மிதிக்கவில்லை, கால் தானாகப் போனது. நம் ஊரில் பஸ்ஸானாலும் லோடு வண்டியானாலும் அதுதானே வழக்கம், ஒன்று தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ.

"பெட்டி விழுந்துதா?" என்றேன்.

"பெட்டி இல்ல. கையாக்கும்," என்றார் காசி அண்ணன்.

இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தோம். பெட்டி எட்டும் வைத்த இடத்தில் இருந்தன. பின்கதவு பூட்டியபடி இருந்தது. சுற்றிலும் ஒரு ஆளும் இல்லை, சருகில் நடந்தால் சத்தம் கேட்காமல் இருக்காது. மரக்கிளை விழுந்திருக்கும் என்று பார்த்தால் கிளையும் இல்லை. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு முன்னால் வந்து வண்டி வெளிச்சத்தில் நாலு எட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டில் சருகு உள்ளே போனது. ஓடைக்குக் குறுக்கே போட்ட பழைய சின்னப் பாலம், இடது பாதி அப்படியே இடிந்து கீழே கிடந்தது. மேலே சருகு மூடி, பார்த்தால் நல்ல பாதைபோல இருந்தது. கீழே இரண்டாள் ஆழம், முழுக்கப் பாறை. ஒரு வண்டி நீளம் போயிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் அதில்தான் கிடந்திருப்போம்.

காசி அண்ணன், "அய்யா உண்டு," என்று கும்பிட்டார். நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். பெட்டிகளை அங்கேயே இறக்கி, ஆளுக்கு ஒன்றாகத் தலையில் சுமந்து, பாலத்தின் இடியாத வலது ஓரமாக அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தோம். தலையில் வைத்த பெட்டி பழையபடி இரைந்துகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது அவர் ஒரே பேச்சு. "இந்த வண்டி நமக்கு வேண்டாம் பிள்ளே. இதுல என்னமோ உண்டு."

"இருந்தா இருக்கட்டும். காப்பாத்தத்தானே செய்தது. இனி இதைத்தான் வாங்குவேன்," என்றேன்.

உண்மையில் அப்போதுதான் என் முடிவு கெட்டியானது. பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது நல்ல பயமாக இருந்தது. நம்மைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் பின்னால் இருக்கிறான் என்கிற மாதிரி. பாலத்தை இரண்டே நாளில் தோட்டத்துக்காரர் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பித் தந்தார். மூன்றாம் நாள் மீதிப் பணத்தோடு கடியப்பட்டணம் போனேன், காசி அண்ணன் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சேவியர் வலை காயப்போடும் இடத்தில் நின்றிருந்தார். பணத்தைக் கொடுக்கும் முன்னால் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, நடந்ததை அப்படியே சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எத்தன தட்டு?" என்று கேட்டார்.

"ஒண்ணு."

"நல்ல ஓர்மை இருக்கா அக்கா? ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான். அதான் நிறுத்தினேன்."

அந்த மனுசன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். வண்டியை ஓட்டியது அவர், பின்னால் வள்ளத்தில் வடம் கட்டிக்கொடுப்பது அவருடைய தம்பி. அலைச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது, பக்கக் கண்ணாடியில் பார்த்தால் உப்புத்தண்ணீர் தெறித்து ஒன்றும் தெரியாது, அதனால் பின்கதவில் கையால் தட்டுவதுதான் அவர்களுக்குள் பேச்சு. அந்தக் குழி தம்பியின் கை பட்டு விழுந்தது.

"எங்களுக்கு ஒண்ணுன்னா இழு. ரெண்டுன்னா நில்லு," என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. விரலை மடக்கி எண்ணிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவர்கள் கணக்கில் பார்த்தால், பின்னால் தட்டிய கை என்னை நிற்கச் சொல்லவில்லை. போகச் சொன்னது. அந்தப் பள்ளத்துக்குள்.

"அவன் அப்படிப்பட்டவன் இல்லக்கா," என்றார் சேவியர், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "இதையும் கேட்டுக்கிடுங்க. அவன் செத்த அண்ணைக்கு வடத்துக்குள்ள கால் மாட்டிட்டு நில்லுன்னு ரெண்டு தட்டுனானாம். கரையில நிண்ணவங்க பாத்திருக்காங்க. எனக்குக் கேட்டது ஒண்ணுதான். ஒண்ணு அலையில போச்சு. நான் இழுத்தேன்."

நானும் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். ஒரு வள்ளம் கரைக்கு வருவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவரே சொன்னார், "பயமா இருந்தா வேண்டாம். முன்பணத்தத் திருப்பித் தாறேன். முன்னாலயே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல்ல."

யோசித்துப் பாருங்கள், நீங்களானால் என்ன செய்வீர்கள். எனக்கு வீட்டில் நூறு பெட்டி காத்துக்கிடக்கிறது. காலையில் வரும்போது பார்த்தேன், தாழ்ந்த இடத்து ரப்பரில் தளிர் செம்பு நிறத்தில் எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிட்டது. வேறு வண்டி தேட ஒரு வாரம்கூட இல்லை. தட்டியது என்னைக் கொல்லவா, காக்கவா, இரண்டு தட்டில் ஒன்று எனக்கும் கேட்காமல் போனதா, எதுவும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், இந்த வண்டி அந்த ஏற்றத்தில் ஏறும். பணத்தை அவர் கையில் வைத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. வண்டியின் பின்கதவை ஒரு தடவை தடவிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் அந்தியில் இருபது பெட்டி ஏற்றினேன். காசி அண்ணன் வாய்விட்டுத் திட்டிக்கொண்டேதான் வந்தார், ஆனால் வந்தார். ஏற்றத்தின் அடியில் நிறுத்தி, இறங்கிப் பின்பக்கம் போனேன். என்னை நானே பார்த்திருந்தால் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தக் குழியில் கையை வைத்தேன், என் கையைவிடக் கொஞ்சம் பெரியது.

"கேட்டியா தம்பி. இது இப்ப எனக்க வண்டி. எங்க ஊர்ல ஒண்ணு தட்டுனா நில்லு, ரெண்டு தட்டுனா போ. இஞ்ச இருக்கணும்னா எங்க வழக்கத்துக்கு இரு," என்று சொன்னேன். பின்னால் வந்து மதிலில் மோதப்போகிற லாரியை அதட்டுகிற குரலில்தான் சொன்னேன்.

ஏறினோம். வளைவு வந்தது. இருபது பெட்டியும் இரைந்துகொண்டிருந்தன. திரும்பியதும் இரைச்சல் நின்றது, போன தடவைபோலவே.

இரண்டு தட்டு.

நிதானமாக, ஒன்று, பிறகு ஒன்று. காசி அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் நிறுத்தினேன். எனக்கு அழுகை வந்தது, எதற்கு என்று இன்றுவரை தெரியாது. நான் சொல்லிக்கொடுத்தபடி போ என்கிறானா, இல்லை, அன்று அண்ணனுக்குக் கேட்காமல் போனதை இந்தத் தடவை கேட்கும்படித் தட்டி நில் என்கிறானா? இறங்கினேன். டார்ச்சோடு ஏற்றத்தின் உச்சிவரை நடந்தேன், நிரப்பின பாலத்தில் ஏறிக் குதித்துப் பார்த்தேன், ஓரத்து மண்ணைக் குச்சியால் குத்திப் பார்த்தேன். எங்கும் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து முதல் கியர் போட்டு ஏறினேன். ஒன்றும் ஆகவில்லை. அந்த வருசம் எல்லாப் பெட்டியும் ஏறியது, ஒரு அடைகூட ஒடியவில்லை, அதுபோல் தேன் அதற்கு முன்னால் நான் எடுத்ததில்லை.

வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அன்னாசி வியாபாரி அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்து கேட்டார், கொடுக்கவில்லை. வேறு எந்த இடத்திலும் அது ஒரு சத்தமும் போடாது. அந்த வளைவில் மட்டும், பெட்டி ஏற்றிப் போகும்போது, ஒவ்வொரு வருசமும் அந்த இரண்டு தட்டு உண்டு. ஒவ்வொரு தடவையும் நான் இறங்கி, ஏற்றத்தை முழுக்க நடந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். இதுவரை ஒரு தடவையும் பாதையில் எதுவும் இருந்ததில்லை. காசி அண்ணன் அலுத்துவிட்டார், போ என்றுதானே சொல்கிறான், இன்னும் என்ன பார்க்கிறாய் என்கிறார்.

அவருக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன மாசியில் பெட்டியை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து பின்கதவைக் கழுவும்போது கவனித்தேன். அந்தக் குழியை ஒட்டி, இடது பக்கத்தில், இன்னொரு குழி லேசாக விழத் தொடங்கியிருக்கிறது. என் கையை வைத்துப் பார்த்தேன். விரல் பிசகாமல் பொருந்தியது. நான் அந்தக் கதவை இதுவரை ஒரு நாளும் தட்டியதில்லை.